நான்கெல்லை

ஞாயிறு காலை, சிற்றாறு அணைக்குக் கீழே
ஏழு பேர் நடந்தோம்.
ரப்பர் முடிந்து மரச்சீனி விளை தொடங்கும் வரப்பில்
ஷர்மிளா நின்றுவிட்டாள்.
"இந்தப் பஞ்சு நடக்குது."

இலையின் அடியில் மாவுப்பூச்சிக் கூட்டம்,
புட்டுக்குழலைத் தட்டிவிட்டதுபோல் வெள்ளை.
அதில் ஒரு பொட்டு மட்டும் நகர்ந்தது.
எங்கள் மூச்சு பட்டதும் நின்றது.

பூஞ்சை என்றார் நாகேந்திரன், பாங்கில் ஓய்வு பெற்றவர்.
பல்லி எச்சம் என்றான் பிரிட்டோ.
எச்சம் எதுக்குப்பா நடக்கும் என்றாள் அவன் மகள்.

நான் பத்திரம் எழுதுகிறவள்,
தக்கலை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பதினாறு வருசமாக.
இன்னதென்று தெரியாத ஒன்றுக்கு
முதலில் எல்லை சொல்லியாகவேண்டும் எனக்கு.
வடக்கே நடுநரம்பு.
தெற்கே ஓரம் சுருண்ட இலை.
கிழக்கே செத்த மாவுப்பூச்சிகளின் தோல்.
மேற்கே இன்னும் சாகாதவை.
இதற்குட்பட்டு, ஒரு நெல்மணி நீளம்.

ஈர்க்கிலால் மாவைச் சற்றே விலக்கினேன்.
கீழே மங்கல் பச்சையில் ஓர் உடல், மடிப்பு மடிப்பாக.
புழுதான்.
ஆனால் இலையில் ஒரு கடி கூட இல்லை.
இலை தின்னாத புழு
எதைத் தின்று இப்படிக் கொழுத்தது?

லென்ஸைப் பிடுங்கிக் குனிந்த பிரிட்டோவின் மகள்
"ஆன்ட்டி, அது பூச்சியத் திங்குது" என்றாள்.
வரிசையில் நின்று பார்த்தோம்.
தலையைத் தோலுக்குள் இழுத்துக்கொண்டு
ஒரு மாவுப்பூச்சியின் வயிற்றில் வாய் வைத்திருந்தது.
தின்றவற்றின் மாவை முதுகில் அப்பிக்கொண்டு
அவற்றின் நடுவிலேயே குடியிருந்தது.
பக்கத்தில் இருந்தவை நகரக்கூட இல்லை.

அப்போது விளைக்காரர் றசாலம் வந்தார்,
தோளில் மருந்து டப்பா.
"பாதி மூடு போச்சு. இதுவும் அந்தச் சவம்தானே?"
"இல்ல, அதத் திங்குற புழுவாக்கும்."
"எவ்வளவு திங்கும்?"
யாருக்கும் தெரியவில்லை.
"மூட்டுக்கு ஒண்ணுன்னாலும்
எனக்கு ரெண்டாயிரம் வேணுமே பிள்ளே."
கைப்பிடியை அடிக்கத் தொடங்கினார்.
என்ன தோன்றியதோ, நிறுத்தி,
"ஓரத்து வரிய நாளைக்கு அடிக்கேன்.
அதுக்குள்ள பிடிச்சுட்டுப் போங்க."

மூன்று கிடைத்தன.
ஒன்று பஸ்ஸில் செத்தது.
ஒன்றை றெஜி டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.
என்னுடையது ஊறுகாய் பாட்டிலில்,
வெள்ளை படிந்த இலைகளோடு,
முத்திரைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில்.

புதன்கிழமை குச்சியோடு ஒட்டிக்கொண்டு அசையாதிருந்தது.
வியாழன் காலை கடை திறந்தால்
குரங்கு.
இரண்டு கண், சப்பை மூக்கு,
கோபத்தில் இறுகிய வாய்.
உளுந்தளவு முகம் ஒன்று
பாட்டிலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது.

அன்று பாகப்பிரிவினைக்கு வந்தார்கள்
திருவட்டாறு அண்ணனும் தம்பியும்.
ஒரு கிணற்றுக்காக எட்டு மாதம் முகம் பாராதவர்கள்.
"இது உன்னப் போலயே இருக்கு" என்றார் மூத்தவர், பாட்டிலிடம்.
"உனக்க மாமனாரப் போல" என்றார் இளையவர், சுவரிடம்.
பிறகு கிணற்றுக்குத் திரும்பினோம்.

இரவு றெஜி டீச்சர் போன் செய்தார்.
புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டாராம்,
பட்டாம்பூச்சியாம், லத்தீனில் இரண்டு சொல்.
எழுத்துக்கூட்டிச் சொல்ல எழுதிக்கொண்டேன்.
தமிழில் என்ன என்றேன்.
"பாத்துச் சொல்லுதேன்.
பிள்ளைகள் இதுக்கு
ஹெட்மாஸ்டர் பேர வச்சிட்டுதுவ."

அடுத்த வாரம், கரண்ட் இல்லாத ஒரு மதியம்,
கூடு வெடித்து வெளியே வந்தது.
பழைய தேயிலைச் சக்கை நிறம்,
சிறகில் துடைத்துவிட்டதுபோல் கொஞ்சம் வெள்ளை.
முத்திரைத்தாள் விற்கும் அஜின் எட்டிப் பார்த்து
"இதுக்கா இவ்வளவும்" என்றான்.

வாசலில் பாட்டிலைச் சாய்த்தேன்.
றசாலத்தின் விளை வடக்கே.
அது பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனது.
விரலைத் துடைத்துவிட்டு
விட்ட வரிக்கு வந்தேன்:
மேற்கே, மேற்படி கிணற்றுக்கு
இருவரும் நடந்து போகும் நாலடிப் பாதை.